விதிசையின் இல்லறத்தார்

1837ஆம் ஆண்டு வரை அசோகரின் கல்வெட்டுகளை இந்தியாவில் எவராலும் படிக்க முடியவில்லை. அந்த ஆண்டு கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப்புக்குச் சாஞ்சியிலிருந்து சில கல்வெட்டுப் படிகள் வந்து சேர்ந்தன. அவை அரசர்களின் சாசனங்கள் அல்ல. ஸ்தூபத்தைச் சுற்றியிருந்த கல்வேலியின் தூண்களிலும் குறுக்குக் கற்களிலும் தனித்தனியே வெட்டப்பட்ட சின்னஞ்சிறு வரிகள். ஒவ்வொரு வரியும் வேறு வேறாகத் தொடங்கி, ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தது. கோயில் தூணிலும் படிக்கட்டிலும் கொடுத்தவர் பெயரை வெட்டிவைக்கும் வழக்கம் இந்த நாட்டில் இன்றும் உண்டு. அது பிரின்செப்புக்குத் தெரியும். அப்படியானால் கடைசிச் சொல் 'தானம்' என்றுதான் இருக்கவேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் எழுத்து 'இன்னாருடைய' என்பதைக் குறிக்கும் வேற்றுமை உருபாகத்தான் இருக்கவேண்டும். இந்த ஊகம் சரியாக இருந்தது. முந்தைய ஆண்டே லாசன் என்ற அறிஞர் ஒரு யவன மன்னனின் நாணயத்திலிருந்து சில எழுத்துகளை அடையாளம் கண்டிருந்தார். ஆனாலும் பிராமி எழுத்தின் பூட்டு முழுவதுமாகத் திறந்தது இந்த ஒரு சொல்லால்தான். அசோகரின் குரலை நாம் கேட்கமுடிந்ததே பெரிதாக அறியப்படாத குடும்பஸ்தர்கள் விட்டுச்சென்ற நன்கொடைக் குறிப்புகளின் தயவால்.

இந்தியச் சமயங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஆசிரியர்களின் வரலாறாகவே படித்திருக்கிறோம். வேத ரிஷிகள், மகாவீரர், புத்தர், பிறகு ஆசாரியர்கள், மடங்கள், தத்துவ வாதங்கள் என்று அது போகும். அந்த வரலாற்றில் ஒவ்வொரு சமயமும் தனித்தனி வீடு, வாசலில் பெயர்ப்பலகை, ஒன்றிலிருந்து வெளியேறித்தான் இன்னொன்றுக்குள் நுழையமுடியும். ஆனால் கொடுத்தவர்கள் விட்டுப்போன சான்றுகளை எடுத்து அடுக்கினால் வேறொரு காட்சி கிடைக்கிறது. சமயங்களுக்கு இடையே எல்லை இல்லாமல் இல்லை. அந்த எல்லை துறவியையும் ஆசிரியரையும் சுற்றி வரையப்பட்டிருந்தது. இல்லறத்தாரைச் சுற்றி வரையப்படவில்லை. குடும்பஸ்தர்களின் சமயம் பொதுவான ஒரு நிலமாக இருந்தது. புதிதாக வந்த ஒவ்வொரு மார்க்கமும் அந்த நிலத்தில்தான் கால் ஊன்ற வேண்டியிருந்தது. இதை நாடு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதைவிட, ஒரே ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பதே நேர்மையாக இருக்கும்.

அந்த வட்டாரம் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் விதிஷா. பழைய பெயர் விதிசை. பேத்வா, பேஸ் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருந்த வணிக நகரம் அது. தெற்கே பிரதிஷ்டானத்திலிருந்தும் மேற்கே உஜ்ஜயினியிலிருந்தும் கங்கைச் சமவெளிக்குப் போகும் வண்டிகள் இங்கே நின்று போயின. ஊருக்குத் தென்மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் சாஞ்சிக் குன்று. ஊரை ஒட்டியே பேஸ்நகர். சற்று மேற்கே தள்ளி உதயகிரிக் குகைகள். காலையில் கிளம்பினால் மாலைக்குள் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்துக்குள் பௌத்தம், வாசுதேவ வழிபாடு, சைவம், சமணம், இவை எல்லாவற்றுக்கும் முந்திய நாக, யட்ச வழிபாடுகள் ஆகிய அத்தனைக்கும் தேதி சொல்லக்கூடிய கல் சான்றுகள் இருக்கின்றன. அசோகரின் மனைவி தேவி இந்த ஊர் வணிகர் ஒருவரின் மகள் என்றும், அவர்கள் மகன் மகிந்தர் இலங்கைக்குப் புறப்படுமுன் இங்கே வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போனார் என்றும் மகாவம்சம் சொல்கிறது.

சாஞ்சியில் புத்தரின் வாழ்க்கையில் நிகழ்ந்த எந்தச் சம்பவமும் நடக்கவில்லை. அவர் பிறந்த இடமும் அல்ல, ஞானம் பெற்ற இடமும் அல்ல. அசோகர் காலத்தில் செங்கல்லால் எழுந்த ஸ்தூபம், அடுத்த நூற்றாண்டில் கல்லால் போர்த்தப்பட்டு இரண்டு மடங்கு பெரிதாயிற்று. கி.மு. முதல் நூற்றாண்டில் நான்கு தோரண வாயில்கள் எழுந்தன. இந்த விரிவாக்கத்துக்குப் பொருள் கொடுத்தவர்கள் யார்? பெரிய ஸ்தூபத்தில் மட்டும் 600க்கு மேற்பட்ட தானக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் அரச குடும்பத்தினர் மிக அரிது. செட்டிகள், வணிகர்கள், எழுத்தர்கள், நெசவாளி, குதிரை வீரன், தச்சன் ஆகியோர் இருக்கிறார்கள். தாயாகவும் மனைவியாகவும் மருமகளாகவும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு தங்கள் பெயரிலேயே கல் கொடுத்த பெண்கள் ஏராளம். பிக்குகளும் பிக்குணிகளும் பெருந்தொகை. ஒரு கிராமமே சேர்ந்து கொடுத்த கல்லும் உண்டு. உஜ்ஜயினியிலிருந்து கொடுத்திருக்கிறார்கள், நர்மதைக் கரையின் மாகிஷ்மதியிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். விதிசையின் தந்தச் சிற்பிகள் தெற்கு வாயிலின் ஒரு தூணில் செதுக்கு வேலையையே தங்கள் தானமாகச் செய்து கொடுத்தார்கள். சாதவாகன மன்னன் சாதகர்ணியின் சிற்பிகளுக்குத் தலைவனான வாசிட்டி மகன் ஆனந்தன் ஒரு விட்டக் கல்லைக் கொடுத்தான். இத்தனை பெரிய கட்டடம் துண்டு துண்டாக, ஆளுக்கு ஒரு கல்லாகச் சேர்ந்தது.

இந்தப் பெயர்களைத் தொகுத்துப் பதிப்பித்த ப்யூலர் என்ற அறிஞர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பௌத்தப் பெயர்கள் மட்டும் இங்கே இல்லை. அக்கினி, இந்திரன், யமன், விசுவதேவர் என்று வேத தெய்வங்களின் பெயரைத் தாங்கியவர்கள் இருக்கிறார்கள். பூசம், மூலம், ரோகிணி என்று பிறந்த நட்சத்திரத்தால் பெயர் பெற்றவர்கள் இருக்கிறார்கள். நாகன், நாகிலன், நாகதத்தன் இருக்கிறார்கள். விஷ்ணுவின் பெயரைத் தழுவிய விண்ஹுகா இருக்கிறாள். சிவனின் பெயரைத் தழுவிய சிவநந்தி இருக்கிறான். யட்சியின் பெயரைக் கொண்ட யக்கி என்ற பெண் பிக்குணியாகவே இருக்கிறாள். ஸ்தூபத்தைக் கட்டிய கூட்டம் எந்த வீடுகளிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பட்டியல் வேண்டியதில்லை.

பெயரை வைத்து நம்பிக்கையை எப்படி அளப்பது என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெயர் வைப்பது பெற்றோர். பிள்ளை வளர்ந்து வேறு மார்க்கத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் இந்த மறுப்பை முழுவதும் ஏற்றுக்கொண்டாலும் என் வாதம் தளர்வதில்லை. சிவநந்தி என்று மகனுக்குப் பெயர் வைத்த வீட்டுக்கும் ஸ்தூபத்துக்குக் கல் கொடுத்த மகனுக்கும் இடையே பெயர் மாற்றம் தேவைப்படவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. மார்க்கம் மாறுவது என்பது பழைய வீட்டை முற்றாகத் துறப்பது என்று ஆகியிருந்தால், முதலில் உதிர்வது பெயராகத்தான் இருக்கும். பிற்காலத்தில் உலகின் பல பாகங்களில் மதம் மாறியவர்கள் அப்படித்தான் பெயர் மாற்றிக்கொண்டார்கள். இங்கே தலையை மழித்து, சீவரம் உடுத்து, வீட்டை விட்டே வெளியேறிய பெண்கூட யக்கி என்ற பெயரோடு வெளியேறினாள். அந்தப் பெயரைப் பௌத்த விகாரையின் கல்லில் வெட்டவும் செய்தார்கள்.

அதே காலத்தில் அதே ஊரில் நடந்த இன்னொன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் தட்சசீலத்தின் யவன மன்னன் அந்தியால்கிதாஸ், விதிசையை ஆண்ட பாகபத்திரனிடம் ஒரு தூதரை அனுப்பினான். தியோனின் மகன் ஹெலியோதோரஸ் என்பது அவர் பெயர். அவர் பேஸ்நகரில் தேவதேவனாகிய வாசுதேவனுக்கு ஒரு கருடத் தூண் நிறுத்தி, அதில் தன்னைப் பாகவதன் என்று எழுதிவைத்தார். கிரேக்கப் பெயரும் பாகவதப் பற்றும் ஒரே வரியில் சங்கடமின்றி நிற்கின்றன. அந்தத் தூணில் இன்னொரு கல்வெட்டும் உண்டு. அடக்கம், ஈகை, விழிப்பு ஆகிய மூன்றும் மேலுலகத்துக்கு இட்டுச்செல்லும் படிகள் என்பது அதன் கருத்து. இந்த மூன்றும் சேர்ந்து மகாபாரதத்திலும் வருகின்றன. விழிப்பை இறவாமைக்கான வழியாகச் சொல்வது தம்மபதத்திலும் உண்டு. அந்த வாசகத்தைத் தனியே பெயர்த்து எடுத்துச் சாஞ்சியின் கல்வேலியில் வைத்திருந்தால், அது அங்கே அந்நியமாகத் தோன்றியிருக்காது. வாசுதேவனின் கோயிலுக்குப் போனவர்களும் சாஞ்சிக் குன்றுக்கு ஏறியவர்களும் நல்வாழ்க்கை என்று எதைப் புரிந்துகொண்டார்களோ அது பெருமளவு ஒன்றாகவே இருந்தது. கொடுப்பது அதன் நடுவில் இருந்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னும் பழைய ஓர் அடுக்கு இருக்கிறது. ஆளுயரத்தைவிடப் பெரிய யட்சன், யட்சி கற்சிலைகள் விதிசையில் கிடைத்திருக்கின்றன. யட்சன் என்ற சொல்லைத் தமிழ் இயக்கன் என்று ஏற்றுக்கொண்டது. தென்பாண்டிச் சீமையின் இசக்கியம்மன் அந்த யட்சியின் வழிவந்த பெயரைத்தான் தாங்கி நிற்கிறாள். ஊரைக் காப்பது, பிள்ளை வரம் தருவது, கோபித்தால் நோய் தருவது ஆகியவை இந்தத் தெய்வங்களின் வேலை. நாகத்தின் வேலை தண்ணீர். சாஞ்சியைச் சுற்றியுள்ள நிலத்தைப் பல ஆண்டுகள் நடந்து அளந்த ஜூலியா ஷா என்ற தொல்லியலாளர், அந்தக் குன்றுகளின் இடைவெளிகளை அடைத்துக் கட்டிய பழைய ஏரிக்கரைகளைக் கண்டறிந்தார். அவற்றின் அருகிலேயே நாகச் சிலைகள் நிற்பதையும் பதிவு செய்தார். விகாரைகள் இருந்த குன்றுகளின் அடிவாரத்தில் ஏரி, ஏரிக்கரையில் நாகர். மழை தவறக்கூடாது, கரை உடையக்கூடாது, நெல் விளையவேண்டும் என்ற கவலை பிக்குவுக்கும் உண்டு. அவருடைய பிச்சைப் பாத்திரம் நிறைவது அந்த விளைச்சலால்தான்.

ஸ்தூபத்தின் வாயில்களுக்குள் இந்தத் தெய்வங்கள் எல்லோரும் நுழைந்துவிட்டார்கள். தோரணத் தூண்களின் அடியில் யட்சர்கள் காவல் நிற்கிறார்கள். குறுக்கு விட்டத்தின் முனையில் மாமரக் கிளையைப் பற்றியபடி யட்சி சாய்ந்து நிற்கிறாள். புத்தருக்கு மழை படாமல் குடை பிடித்த முசலிந்த நாகம் மேற்கு வாயிலில் இருக்கிறது. தாமரை மீது அமர்ந்த பெண்ணுக்கு இரு யானைகள் நீராட்டும் காட்சியும் திரும்பத் திரும்ப வருகிறது. அதை மாயாதேவி என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே வாதிட்டார். ஆனால் அந்த உருவத்தைப் பார்த்த விதிசை வணிகரின் மனைவி அதைத் திருமகளாகவே கண்டிருப்பாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. சாஞ்சியின் சமகாலத்தது என்று சொல்லத்தக்க பார்ஹுத் ஸ்தூபத்தில் சிற்பிகள் பெயரையே எழுதிவைத்திருக்கிறார்கள்: குபேர யட்சன், ஏலாபத்திர நாகராஜன், சிரிமா தேவதை. புத்தர் மட்டும் இந்தக் கூட்டத்தில் மனித உருவில் இல்லை. மரமாக, சக்கரமாக, வெற்று ஆசனமாக இருக்கிறார்.

இது சேர்ந்து வாழ்ந்ததன் அடையாளம் அல்ல, வென்று அடக்கியதன் அடையாளம் என்பது அடுத்த மறுப்பு. இதையும் எளிதில் தள்ளிவிட முடியாது. கிழக்கு வாயிலில் உருவேலக் காசியபரின் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. சடைமுடி முனிவர்களின் அக்கினிச் சாலையில் புத்தர் ஒரு கொடிய நாகத்தை அடக்குகிறார்; அவர் அனுமதிக்கும் வரை முனிவர்களின் விறகு பிளக்க மறுக்கிறது, தீ எரிய மறுக்கிறது. வேள்வியைவிடவும் நாகத்தைவிடவும் புத்தர் பெரியவர் என்று அந்தக் கல் உரக்கவே சொல்கிறது. காவல்காரன் வேலைக்கு வைக்கப்பட்ட யட்சன் சமமானவன் அல்ல. சிற்பத்தின் திட்டத்தை வகுத்துத் தந்த ஆசாரியர்களின் மனதில் இந்த ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் ஏன் நாகத்தை விலக்கவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. விலக்கமுடியாது என்பதுதான் விடை. கல்லுக்குப் பொருள் கொடுத்தவர் நாகதத்தன். அவருடைய வயலுக்குத் தண்ணீர் தருபவர் ஏரிக்கரை நாகர். அந்த நாகரைப் பொய் என்று சொல்லும் மார்க்கத்துக்கு அவர் வீட்டு வாசலில் பிச்சை கிடைக்காது. எனவே நாகர் அங்கே நிற்கிறார். யாருக்கு மேல் யார் என்பதில்தான் ஆசாரியர்களுக்கு அக்கறை. கீழே நின்று வணங்கியவர் மனதில் அந்த வரிசை அதே ஒழுங்கில் இருந்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லை எங்கே இருந்தது? அதற்கும் சாஞ்சியிலேயே சான்று உண்டு. தெற்கு வாயிலின் அருகே அசோகர் நிறுத்திய தூண் ஒன்றின் அடிப்பகுதி இன்றும் நிற்கிறது. கரும்பு ஆலைக்குப் பயன்படுமென்று பிற்காலத்து ஜமீன்தார் ஒருவர் அதை உடைத்துவிட்டார் என்று அங்கே அகழாய்வும் மராமத்தும் செய்த மார்ஷல் பதிவு செய்திருக்கிறார். எஞ்சிய கல்லில் உள்ள அரசாணை கடுமையானது. சங்கத்தில் பிளவு உண்டாக்கும் பிக்குவோ பிக்குணியோ வெள்ளாடை உடுத்தப்பட்டு விகாரைக்கு வெளியே குடியிருக்கச் செய்யப்படவேண்டும். சங்கம் ஒன்றாக நீடிக்கவேண்டும் என்பதே தன் விருப்பம் என்கிறார் அசோகர். வெள்ளாடை என்பது குடும்பஸ்தரின் உடை. அந்தக் காலத்தின் கூர்மையான கோடு சீவரத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஓடியது என்பதை இந்த ஆணையைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கொள்கை உண்டு, விதி உண்டு, மீறினால் தண்டனை உண்டு. இந்தப் பக்கம் இருப்பவர் எந்தத் தெய்வத்தின் முன்னால் நின்றார் என்று அரசாணை விசாரிக்கவில்லை.

துறவிகளின் உலகில் பகை மெய்யாகவே இருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய இலக்கண ஆசிரியர் பதஞ்சலி, என்றும் தீராத பகைக்கு உதாரணம் சொல்லும்போது சிரமணர்களையும் பிராமணர்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். சாஞ்சி வாயில் ஒன்றின் கல்வெட்டு, இங்குள்ள கல்வேலையைப் பெயர்த்து வேறொரு ஆசாரிய குலத்துக்குக் கொண்டுபோகிறவன் ஐந்து மகாபாவங்களுக்கு ஆளாவான் என்று சபிக்கிறது. கல் களவு போகும் என்ற பயம் இருந்திருக்கிறது. அதுவும் இன்னொரு ஆசிரியக் கூட்டத்தின் கையால். மௌரியரைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்த புஷ்யமித்திர சுங்கன் பிக்குகளின் தலைக்கு விலை வைத்தான் என்று திவ்யாவதானம் என்ற பௌத்த நூல் கூறுகிறது. சாஞ்சியின் செங்கல் ஸ்தூபத்தைச் சேதப்படுத்தியதும் அவனாக இருக்கலாம் என்று மார்ஷல் கருதினார். இந்தக் கதை எழுதப்பட்டது சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. பகை முற்றிலும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்ஹுத்தின் வாயில் சுங்கர் ஆட்சியில் எழுந்தது என்று அந்த வாயிலின் கல்வெட்டே சொல்கிறது. சாஞ்சி ஸ்தூபம் கல் போர்வை பெற்றதும் அந்தக் காலத்தில்தான். அரசனின் மனம் எப்படி இருந்திருந்தாலும், கல் கொடுத்தவர்களின் வரிசை அறுபடவில்லை.

இதைச் சகிப்புத்தன்மை என்று சொல்லிப் பாராட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் இங்கே பொருந்தாது. வேறாக இருப்பதைப் பொறுத்துக்கொள்வதுதான் சகிப்பு. நாகருக்குப் பால் வார்த்துவிட்டு ஸ்தூபத்துக்குக் கல் கொடுத்தவர் வேறாக இருக்கும் எதையும் பொறுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் அவருடையவை. பிற மார்க்கத்தாரை மதிக்கச் சொன்ன அசோகரின் 12ஆம் பாறைச் சாசனம் மகத்தானது. ஆனால் அதுவும் முதன்மையாக மார்க்கங்களின் சார்பில் வாதிடுபவர்களை நோக்கி, நாவை அடக்கச் சொல்லும் அறிவுரை.

கல்வெட்டு வெட்டப் பொருள் இருந்தவர்களின் குரல்தானே இது என்று கேட்பவர்களுக்கு, ஆம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. வண்டியோட்டியும் கூலிக்கு அறுத்தவளும் எந்தத் தெய்வத்தை எந்த நாளில் கும்பிட்டார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லாது. ஆனால் கல்வெட்டில் வருபவர்கள் எல்லோரும் பெருஞ்செல்வர்கள் என்று எண்ணிவிடக்கூடாது. ஒரு குறுக்குக் கல்லுக்குப் பலர் சேர்ந்து கொடுத்திருக்கிறார்கள். தமிழகத்திலும் இதே காட்சிதான். மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில் துறவிகளுக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தவர்களைத் தமிழிக் கல்வெட்டுகள் உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொற்கொல்லன் என்று தொழிலால் அறிமுகப்படுத்துகின்றன. வெல்லப்பாகு விற்றவரும் ஏர்க்கொழு விற்றவரும் தங்கள் சமயத்தின் பெயரை எழுதவில்லை. தொழிலையும் ஊரையும் எழுதினார்கள். மதுரைக்காஞ்சி அந்த நகரின் பௌத்தப் பள்ளியையும் அந்தணர் பள்ளியையும் சமணப் பள்ளியையும் அடுத்தடுத்து வருணிக்கிறது.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, குப்தர் காலத்தில், விதிசைக்குத் திரும்பி வந்து பார்த்தால் நிலைமை மாறியிருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்போம். மாறித்தான் இருந்தது. இரண்டாம் சந்திரகுப்தன் தன்னைப் பரமபாகவதன் என்று அழைத்துக்கொண்ட மன்னன். உதயகிரிக் குகை ஒன்றில் குப்த ஆண்டு 82, அதாவது கி.பி. 401-402, பொறிக்கப்பட்டிருக்கிறது. பூமியைத் தூக்கி நிற்கும் பிரமாண்ட வராகம் அந்தக் குன்றில்தான் இருக்கிறது. அதன் காலடியில் கை கூப்பியபடி ஒரு நாகம். இன்னொரு குகையில் திருமால் ஆதிசேடன்மேல் பள்ளி கொண்டிருக்கிறார். மன்னனின் அமைச்சர் வீரசேனர் சம்புவுக்கு ஒரு குகை குடைவித்தார். கி.பி. 425-426இல் அதே குன்றின் வடகோடியில் பார்சுவநாதர் திருமேனி நிறுவப்பட்டது, பாம்பின் படம் விரிந்த குடையோடு. நிறுவிய சமணரின் பெயர் சங்கரன். முசலிந்தனாக, வராகத்தின் காலடியில், திருமாலின் படுக்கையாக, பார்சுவரின் குடையாக ஏரிக்கரை நாகர் ஒவ்வொரு வீட்டிலும் இடம் பிடித்துவிட்டார்.

இரண்டாம் சந்திரகுப்தனின் அதிகாரி ஆம்ரகார்தவர் கி.பி. 412-413இல் சாஞ்சி விகாரைக்கு ஒரு கிராமத்தையும் 25 பொன் தீனாரங்களையும் கொடுத்தார். நாள்தோறும் பிக்குகளுக்கு உணவும் ரத்தினகிருகத்தில் விளக்கும் அந்தக் கொடையின் நோக்கம். இதை அழிப்பவன் பசுவைக் கொன்ற பாவத்துக்கும் பிராமணனைக் கொன்ற பாவத்துக்கும், உடனே பலன் தரும் ஐந்து பாவங்களுக்கும் ஆளாவான் என்று அந்தக் கல்வெட்டு முடிகிறது. பௌத்த விகாரையின் கொடையைக் காக்கும் சாபத்தில் பௌத்தர்களின் ஐந்து மகாபாவங்களும் பசுவும் பிராமணனும் ஒரே வரியில் நிற்கின்றன. பயமுறுத்தவேண்டியது பக்கத்து ஊர்க்காரர்களை. அவர்கள் எதற்கெல்லாம் அஞ்சுவார்களோ அத்தனையும் அங்கே எழுதப்பட்டது. கி.பி. 450-451இல் உபாசிகை ஒருத்தி அழியா முதலாக 12 தீனாரங்கள் வைத்தாள். வட்டியில் தினம் ஒரு பிக்குவுக்கு உணவு. விளக்குகளுக்கு மேலும் நான்கு. நம் கோயில் கல்வெட்டுகளில் வரும் 'சாவா மூவாப் பேராடு' எந்த எண்ணத்தில் விடப்பட்டதோ அதே எண்ணம். புத்தருக்கு விளக்கேற்றிய அந்தப் பெண்ணின் பெயர் ஹரிசுவாமினி.

இத்தனை ஆழமாக ஊன்றியிருந்தால் சாஞ்சி ஏன் வெறிச்சோடியது என்ற கேள்வி எஞ்சுகிறது. என் வாதம் உண்மையானால் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. இல்லறத்தார் ஒரு மார்க்கத்துக்கு மட்டும் உரியவர்களாக இருக்கவில்லை. ஆகவே பௌத்தச் சங்கத்துக்கென்று தனியாக ஒரு குடிமக்கள் கூட்டம் உருவாகவில்லை. பிறப்பு, மணம், இறப்புச் சடங்குகள் பிக்குவின் கையில் இல்லை. கொடை வேறு முகவரிக்குத் திரும்பியபோது அதைத் தடுக்க விகாரையிடம் எந்தக் கயிறும் இல்லை. மன்னர்களும் ஊர்ச்சபைகளும் கோயில்களுக்கு நிலம் விடத் தொடங்கிய நூற்றாண்டுகளில் அந்த மாற்றம் மெல்ல நடந்தது. 12ஆம் நூற்றாண்டு வரை சாஞ்சியில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, பிறகு நின்றுபோயிற்று. விதிசையின் மக்கள் யாரும் எங்கேயும் போகவில்லை. 1818இல் ஜெனரல் டெய்லர் குன்றின்மேல் ஏறியபோது மூன்று வாயில்கள் நின்றுகொண்டிருந்தன, தெற்கு வாயில் விழுந்துகிடந்தது. 1871-72இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு மதத்தின் கட்டத்துக்குள் எழுதச் சொன்னது. நாகதத்தனும் ஹரிசுவாமினியும் உயிரோடு இருந்து அந்தக் கணக்கெடுப்பாளர் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தால், அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இன்று நம் சமய வரலாற்றைப் பற்றிச் சண்டையிடும் இரு தரப்பாரும் அந்தக் கட்டங்களை ஈராயிரம் ஆண்டு பின்னோக்கிக் கொண்டுபோய் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். கல்வெட்டுகளைப் படிக்கும் வாசகர்கள் முதலில் அந்தக் கட்டங்களைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹெலியோதோரஸின் தூணை 1877இல் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் பார்த்தார். அதில் எழுத்து இருப்பது அவருக்குத் தெரியவில்லை. ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பூசிய செந்தூரம் கனமாகப் படிந்து கல்லை மூடியிருந்தது. மேலே இருந்த கருடன் எப்போதோ போய்விட்டது. வாசுதேவன் கோயில் மண்ணுக்கடியில் போய்விட்டது. ஊரார் அந்தத் தூணைக் காம் பாபா, அதாவது தூண்சாமி, என்று கூப்பிட்டு வழிபட்டுவந்தார்கள். 1909இல் செந்தூரத்தைச் சுரண்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே எழுத்து இருப்பது தெரிந்தது.